ஓடும் சிஸ்டத்தை நிறுத்தாமல் மாற்றுவது எப்படி?

வங்கி வட்டி, காப்பீட்டு பிரீமியம், சம்பளப் பட்டியல், வரிக்கணக்கு. இவற்றைக் கணக்கிடும் புரோகிராம்களில் பல, அவற்றைப் பராமரிக்கும் ஊழியர்களைவிட வயதில் மூத்தவை. இவற்றில் பல எழுதப்பட்ட கோபோல் என்ற கணினி மொழியை வடிவமைக்கும் வேலை தொடங்கியது 1959இல். ஐபிஎம் 1964இல் சிஸ்டம்/360 என்ற கணினி வரிசையை அறிவித்தது. அதற்கு எழுதிய புரோகிராம்கள் பின்னால் வந்த மெயின்ஃபிரேம்களிலும், அதாவது பெரு நிறுவனங்களின் பெரிய கணினிகளிலும், ஓடும்படி அந்த நிறுவனம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டது. எழுதியவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். புரோகிராம் ஓடிக்கொண்டே இருந்தது. 2020 ஏப்ரலில், கொரோனா காலத்தில் வேலை இழந்தவர்களின் உதவித்தொகை விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் ஃபில் மர்ஃபி, கோபோல் தெரிந்த தன்னார்வலர்கள் தேவை என்று செய்தியாளர்கள் முன் கேட்கவேண்டி வந்தது.

சரி, பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதிவிடலாமே? எழுதலாம். ஆனால் எதை எழுதுவது? முப்பது நாற்பது ஆண்டுகளில் சட்டம் மாறியிருக்கும், இரண்டு நிறுவனங்கள் இணைந்திருக்கும், ஒரு பெரிய வாடிக்கையாளருக்காக விதிவிலக்கு ஒன்று சேர்ந்திருக்கும். இவை எல்லாம் கையேட்டில் ஏறியிருக்காது, கோடில், அதாவது புரோகிராமின் வரிகளில், மட்டும் இருக்கும். சில விதிகள் உண்மையில் பிழைகள். ஆனால் அந்தப் பிழை தரும் எண்ணை நம்பி வேறு நான்கு அறிக்கைகள் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு சிஸ்டத்தைப் போதிய பேர் பயன்படுத்தினால், அதன் வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பியிருப்பார் என்று ஹைரம் ரைட் என்ற மென்பொருள் பொறியாளர் சொன்னது இதைத்தான். நிறுவனம் நிஜத்தில் பின்பற்றும் விதிகளின் முழுப் பிரதி பழைய புரோகிராம் ஒன்றுதான் என்பது என் கருத்து. அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் வேலைக்குத் திட்டத்தில் பாதிக் காலம் போனாலும் தகும்.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பழைய கோப்பு ஒன்றில் நிலுவைத் தொகை என்ற புலம் இருக்கிறது. அதில் கழித்தல் 123 என்ற எண்ணைச் சேமித்தால், திரையில் 1, 2, அதன்பின் ஆங்கில எழுத்து ‘எல்’ என்று தெரியும். தகவலை அட்டையில் துளையிட்டுக் கணினிக்குக் கொடுத்த காலத்துப் பழக்கம் இது. கழித்தல் குறிக்குத் தனி இடம் ஒதுக்காமல், கடைசி இலக்கத்துக்குள்ளேயே குறியையும் சேர்த்துவிட்டார்கள். ஓர் அட்டையில் 80 எழுத்துகள்தான் எழுத முடியும், ஓர் இடம்கூட வீணாகக் கூடாது. ஆண்டுக்கு இரண்டு இலக்கம் மட்டும் எழுதியதும் இதே சிக்கனத்தால்தான், அதன் விலையை 2000ஆம் ஆண்டு நெருங்கியபோது உலகமே கொடுத்தது. இன்னும் ஒரு படி மேலே போய், பதிவின் வகையைப் பொறுத்து அதே பைட்டுகளுக்கு வேறு வேறு அர்த்தம் கொடுக்கவும் கோபோலில் வழி உண்டு. ஒரு வகையில் தேதியாக இருக்கும் இடம் இன்னொரு வகையில் கிளை எண்ணாக இருக்கும். கோப்பை மட்டும் பார்த்தால் எது எது என்று தெரியாது.

வரிசைப்படுத்துவதிலும் ஒரு பள்ளம் உண்டு. ஐபிஎம் மெயின்ஃபிரேம்கள் எழுத்துகளை எப்சிடிக் என்ற குறிமுறையில், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் என்ற பட்டியலின்படி, வைக்கின்றன. மற்ற பெரும்பாலான கணினிகள் ஆஸ்கி என்ற வேறொரு குறிமுறையிலும் அதன் வழி வந்தவற்றிலும் வைக்கின்றன. எப்சிடிக்கில் ஆங்கில எழுத்து ‘ஏ’வின் மதிப்பு 193, பூஜ்யத்தின் மதிப்பு 240. ஆஸ்கியில் ‘ஏ’ 65, பூஜ்யம் 48. அதாவது ஒன்றில் எழுத்துகளுக்குப் பிறகு எண்கள், இன்னொன்றில் எண்களுக்குப் பிறகு எழுத்துகள். மொத்தமாகச் சேர்த்து ஓட்டும் இரவு நேர பேட்ச் வேலைகளில் வாடிக்கையான முறை ஒன்று: இரண்டு கோப்புகளைக் கணக்கு எண்ணின்படி வரிசையாக்கி, இணையாகப் படித்துக்கொண்டே போய்ப் பொருந்துபவற்றைச் சேர்ப்பது. கணக்கு எண்ணில் எழுத்தும் இலக்கமும் கலந்திருந்து, ஒரு கோப்பு மட்டும் புதிய கணினியில் வரிசையாகி வந்தால், பொருந்த வேண்டியவை பொருந்தாமல் நழுவிவிடும். பிழைச் செய்தி வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அப்புறம் தசமங்கள். 12.347 என்ற விடையை இரண்டு தசம இடங்களில் வைக்கச் சொன்னால், கோபோல் தானாக மிச்சத்தை வெட்டி 12.34 என்று வைக்கும். கிட்டிய எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும் என்றால் தனியாகச் சொல்ல வேண்டும், அப்போது 12.35. புதிய மொழியில் எழுதுபவர், சரிபாதியில் நிற்கும் எண்ணைக் கடைசி இலக்கம் இரட்டைப்படையாகும்படி நகர்த்தும் முறையைத் தேர்ந்திருந்தால் 12.345 என்பது 12.34 ஆகும், பள்ளியில் கற்ற முறையில் அது 12.35. ஒரு கணக்கில் ஒரு பைசா, ஒரு சென்ட். லட்சக்கணக்கான கணக்குகளில் மாதாமாதம் நடந்தால் தணிக்கையாளர் கேட்காமல் விடமாட்டார்.

ஆகவே, கைவைக்கும் முன் பழைய சிஸ்டத்தின் நடத்தையைப் பதிவு செய்துகொள்கிறார்கள். உள்ளீடுகளைக் கொடுத்து, வரும் விடைகளைச் சரியா தவறா என்று பாராமல் அப்படியே சோதனைகளாக எழுதிவைப்பார்கள். மென்பொருள் எழுத்தாளர் மைக்கேல் ஃபெதர்ஸ் பரவலாக்கிய முறை இது. ‘என்ன செய்யவேண்டும்’ என்ற விவாதத்தை ஒத்திவைத்து, ‘என்ன செய்கிறது’ என்பதை முதலில் உறுதி செய்துகொள்வதுதான் இதன் பலம்.

அடுத்தது மாற்றும் வேலை. மார்ட்டின் ஃபௌலர் என்ற மென்பொருள் எழுத்தாளர் 2004இல் இதற்கு ஓர் உவமை சொன்னார். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மழைக்காடுகளில் அவர் பார்த்த அத்தி இன மரங்கள் வேறொரு மரத்தின் உச்சியில் முளைத்து, வேர்களைக் கீழே இறக்கி, தாங்கிய மரத்தைச் சுற்றி வளர்ந்து, கடைசியில் தாமே நிற்கும். பனையைச் சுற்றி ஆல் வளர்வதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மென்பொருளில் இதைச் செய்ய, பழைய சிஸ்டத்துக்கு முன்னால் ஓர் இடைநிலை அடுக்கை நிறுத்துகிறார்கள். எல்லாக் கோரிக்கைகளும் அதன் வழியே போகும். முதல் நாளில் அது எதையும் மாற்றாது, வந்ததை அப்படியே பழையதற்கு அனுப்பும். பிறகு ஒரு சிறு வேலை, முகவரி மாற்றம் என்று வையுங்கள், புதிதாக எழுதப்பட்டு அந்தக் கோரிக்கைகள் மட்டும் புதிய பக்கம் திரும்பும். ஏதாவது கோளாறு என்றால் திருப்பிவிட்டதை மறுபடி பழைய பக்கமே விட்டுவிடலாம்.

தரவுதான் உண்மையான தலைவலி. முகவரி புதியதில் மாறினால் பழையதற்கும் தெரியவேண்டும், ஏனென்றால் பில் அடிக்கும் வேலை இன்னும் அங்கேதான் நடக்கிறது. இரண்டு இடத்திலும் எழுதிவிட்டால் போதும் என்று தோன்றும். முதல் இடத்தில் எழுதியதும் நெட்வொர்க் அறுந்தால்? இரண்டும் வேறு வேறு உண்மையைச் சொல்ல ஆரம்பிக்கும், எது சரி என்று கேட்க மூன்றாவது ஆள் இல்லை. அதனால், ஒவ்வொரு தகவலுக்கும் ஒரே ஒரு உரிமையாளர் சிஸ்டம் என்று முடிவு செய்கிறார்கள். தரவுத்தளம் தன் பாதுகாப்புக்காக எழுதிவைக்கும் மாற்றப் பதிவேட்டை ஒரு நிரல் வரிசையாகப் படித்து, மறுபக்கத்துக்கு அனுப்பும். இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நகல் சில நொடிகள் பின்தங்கலாம், ஆனால் தொலையாது.

கணக்கிடும் பகுதிகளுக்கு இணை ஓட்டம் தேவை. ஒரே உள்ளீடு இரண்டுக்கும் போகும், பழையதன் விடைதான் வெளியே செல்லும், புதியதன் விடையை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்வார்கள். வேறுபாடுகளை ஒவ்வொன்றாகத் துருவ வேண்டும். புதியதன் பிழை, பழையதன் பிழை, இரண்டும் இல்லாமல் யாருக்கும் தெரியாத ஒரு விதி என்று அவை பிரியும். மூன்றாவது வகைக்குத்தான் இத்தனை பாடும்.

ஒரே மூச்சில் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி சாட்சி. 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் வாடிக்கையாளர்களைப் புதிய தளத்துக்கு மாற்றினார்கள். தரவு ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தது, தளம்தான் தாங்கவில்லை. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். நிலைமை சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. சிறு கூட்டத்தை முதலில் மாற்றி, பார்த்து, பிறகு அடுத்த கூட்டம் என்று போயிருந்தால் இத்தனை பேர் ஒரே நாளில் மாட்டியிருக்கமாட்டார்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கோபோலை ஜாவா போன்ற பிந்தைய மொழிக்கு மாற்றித் தருகின்றன. பழைய கோடைப் படித்து விளக்குவதில் அவை பெரிய உதவி, வரவேற்கிறேன். ஆனால் மாற்றியது பழையதைப்போலவே நடக்கிறதா என்று காட்ட அதே சோதனைகளும் அதே இணை ஓட்டமும் வேண்டும்.

கடைசி வேலை பழைய சிஸ்டத்தை அணைப்பது. ஆண்டிறுதிக் கணக்கு போல ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஓடும் வேலைகள் இருப்பதால், ஒரு முழு ஆண்டுச் சுற்று முடியும்வரை காத்திருப்பது நல்லது. அணைத்த பிறகு கோடை நீக்கியே ஆகவேண்டும். அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்குவர்த்தக நிறுவனம் 2003இல் பயன்பாட்டை நிறுத்திய ஒரு செயல்பாட்டின் கோடைச் சர்வர்களிலேயே விட்டுவைத்திருந்தது. அதை இயக்கும் குறியீட்டை 2012இல் வேறொரு புதிய வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய கோடு ஏறவில்லை. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வரில் பழைய கோடு விழித்துக்கொண்டு பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. 45 நிமிடங்களில் வந்த வினையால் நிறுவனத்துக்கு 46 கோடி டாலருக்கு மேல் நட்டம்.