பாஸ்டர் சொன்னார் என்று உறுதி எழுத வருகிறவர்களுக்கு

காணி, வீட்டுக்கு நன்கொடை உறுதி (இலவசமாகக் கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுத்து, வாங்குகிறவரும் அதை ஏற்றுக்கொண்டு கையெழுத்து வைத்துவிட்டால், பிறகு மனம் மாறுவதில் பெரிய பலன் இல்லை. வாங்கினவர் கொடுத்தவருக்குக் கொடிய நன்றிகேடு செய்தார் என்பது போன்ற ஒருசில காரணங்களை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் அந்த உறுதி அசையும். வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். வழக்கு வைக்கிறவர் பெரும்பாலும் எழுபதைத் தாண்டினவர். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், என்னிடம் வருகிறவர்களில் பலர் பிந்தித்தான் வருகிறார்கள். உறுதி முடிந்து, காணிப் பதிவகத்தில் பதிந்து, வேலிக்குப் பதிலாக மதிலும் எழும்பின பிறகு.

நான் யாழ்ப்பாண நகரில் தொழில் செய்யும் சட்டத்தரணி, பிரசித்த நொத்தாரிசு, அதாவது உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்துகிறவர். தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்து, ஞாயிறு பாடசாலையில் பாடமாக்கின வசனங்களோடு வளர்ந்த ஆள். கீழே வருகிறவை பலரின் கதைகளைக் கலந்து, ஊரும் உறவும் மாற்றி எழுதியவை. "இது எங்கட மாமியின்ர கதையல்லோ" என்று யாருக்காவது தோன்றினால், அப்படி எத்தனையோ மாமிமார் இங்கே இருக்கிறார்கள்.

போர் முடிந்த 2009க்குப் பிறகு வடக்கில் புதிய சபைகள் நிறைய எழும்பின. வாடகை வீட்டிலும் தகரக் கொட்டகையிலும் கூடுகிற அந்தச் சபைகளில் பல, பழைய கோயில்கள், அதாவது தேவாலயங்கள், எட்டிப் பார்க்காத குடும்பங்களைத் தேடிப் போயின. அங்கே போய்க் குடியை விட்ட கணவன்மாரை எனக்கு நேரே தெரியும். மதச் சண்டைக்குக் கச்சை கட்டி நிற்கிறவர்கள் இந்தக் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். விரும்பின மதத்தைப் பின்பற்றும் உரிமையை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எல்லாருக்கும் தந்திருக்கிறது. பெரிய கோபுரமுள்ள பழைய கோயிலில் தவறு நடக்காது என்று நினைப்பதும் பேதைமைதான்.

ஒரு அம்மா. வலிகாமப் பக்கம் மூன்று பரப்புச் சீதனக் காணி, அதற்குள் வீடு. கணவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இருவர் வெளிநாட்டில், ஒரு மகள் இங்கே வாடகை வீட்டில். அம்மாவைக் காரில் ஏற்றி வந்தவர் போதகர். அம்மாவிடம் பெயர் கேட்டேன், போதகர் சொன்னார். வயதைக் கேட்டேன், அதையும் அவரே சொன்னார். சாட்சிக்கு வந்திருந்த இருவரும் சபையில் கிற்றார் வாசிக்கிற பெடியள். எழுதிக் கொடுக்கிறவருக்கு உறுதியை வாசித்து விளங்கப்படுத்துவது சட்டப்படி நொத்தாரிசின் கடமை. அந்த நேரத்தில் மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்வது என் வழக்கம். போதகர் எழும்பிப் போனார், கதவை மட்டும் நீக்கலாக விட்டுவிட்டுப் போனார். நான் போய்ச் சாத்தினேன்.

"அம்மா, இது ஆற்ற பேரில எழுதுறது?"

"சபைக்குத்தான் பிள்ளை."

"இதில அவற்ற சொந்தப் பேர்தானே கிடக்கு. சபை எண்டு ஒரு சொல்லும் இல்லையே."

"ரெண்டும் ஒண்டுதானே."

"மகளுக்குத் தெரியுமோ?"

அதற்குப் பதில் வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. "சொல்ல வேண்டாமெண்டு ஐயா சொன்னவர். அவள் இன்னும் விசுவாசத்துக்குள்ள வரேல்லை. கர்த்தருக்கெண்டு நேர்ந்ததைத் தடுத்தால் அவளுக்குத்தான் சாபமாம்."

அவர்கள் கொண்டுவந்த வரைபில் அம்மாவுக்குச் சீவிய உரித்துக்கூட, அதாவது சாகும்வரை அந்த வீட்டில் இருக்கிற உரிமைகூட, ஒதுக்கப்படவில்லை. கையெழுத்து வைத்த நிமிடத்திலிருந்து, தான் பிள்ளை பெற்று வளர்த்த வீட்டில் அவர் இன்னொருவரின் தயவில் இருக்கிற ஆள். அதை விளங்கப்படுத்தியபோது "ஐயா அப்பிடிச் செய்யமாட்டார்" என்றார். செய்யமாட்டார் என்றால் அதை எழுத்தில் போட ஏன் பஞ்சிப்படவேண்டும்? வரைபை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு கிழமை வைத்திருங்கள், மகளுக்கும் வாசிக்கக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். போதகருக்கு அது பிடிக்கவில்லை. பிறகு வேறு ஒருவரிடம் போனார்களோ தெரியாது. யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசுகளுக்குப் பஞ்சமில்லை.

மூன்றாம் ஆள் ஒருவர் கூட இருந்து கேட்டால் தாங்காத ஆலோசனை எதுவானாலும், அதை ஆவிக்குரிய வழிநடத்தல் என்று நான் நம்பமாட்டேன். இதற்கு நான் சட்டப் புத்தகத்தைத் தூக்க வேண்டியதில்லை, வேதப்புத்தகமே போதும். தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதைக் "கொர்பான்", அதாவது காணிக்கை என்று நேர்ந்துவிட்டு அவர்களைக் கைவிடச் சொன்ன சமயத் தலைவர்களை இயேசு முகத்துக்கு நேரே கண்டித்தார் (மாற்கு 7). அங்கே பிள்ளை தாய்க்குக் கொடாமல் விட்டது, இங்கே தாய் பிள்ளைக்குக் கொடாமல் விடுகிறார். கணக்கு ஒன்றுதான். அதே சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்தில், விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம்பண்ணுகிறவர்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. அதற்கு விளக்கவுரை கேட்டு யாரிடமும் போகத் தேவையில்லை.

வெருட்டுவதற்கு எடுக்கிற வசனங்களையும் ஒருமுறை முழுதாக வாசித்துப் பார்க்கவேண்டும். காணியை விற்று அதில் ஒரு பங்கை மறைத்த அனனியா விழுந்து செத்தான் என்று சொல்லித்தான் பலரைப் பயப்படுத்துகிறார்கள். பேதுரு அவனிடம் கேட்டது என்ன? "அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ? அதை விற்றபின்பும் அதின் கிரயம் உன் வசத்திலிருக்கவில்லையோ?" (அப்போஸ்தலர் 5:4). காணியும் உன்னுடையது, காசும் உன்னுடையது, கொடுக்கச் சொல்லி உன்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதல்லவா அதன் பொருள். அவன் செய்த குற்றம் பொய். "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே" என்ற சங்கீதம் 105 வசனமும் அப்படித்தான். நாடோடிகளாகத் திரிந்த முற்பிதாக்களுக்குத் தீங்கு செய்யக்கூடாதென்று கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்ட வரி அது. போதகரிடம் கணக்குக் கேட்கிற விசுவாசியின் வாயைப் பொத்த எழுதினது அல்ல. பவுல் அந்தியோகியாவில் பேதுருவையே எல்லாருக்கும் முன்பாக எதிர்த்தார். அவருக்கு ஒரு சாபமும் வரவில்லை.

காணியை விடக் கொடுமையான இடம் ஒன்று உண்டு. போரில் பிள்ளையைத் தொலைத்த தாய்மாருக்குச் சொல்லப்படுகிற தீர்க்கதரிசனங்கள். "உங்கட மகன் உயிரோட இருக்கிறான், கர்த்தர் எனக்குக் காட்டினவர், உபவாசமிருந்து காணிக்கை செலுத்துங்கோ." இறப்புச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத குடும்பங்கள், ஆளைக் காணவில்லை என்று உறுதிசெய்யும் சான்றிதழ் ஒன்றை எடுக்க 2016இல் சட்டம் வழி செய்தது. மகனின் பெயரில் கிடக்கிற காணி, வங்கிக் கணக்கு அலுவல்களைப் பார்க்க அது உதவும். எடுங்கள் என்று நான் சொன்னால், அதை எடுப்பது அவிசுவாசம் என்று போதகர் தடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். மகன் வருவான் என்று சொல்லப்படுகிற தேதி மட்டும் வருடா வருடம் தள்ளிப்போகிறது. கனடா விசாக் கிடைக்கும் என்கிற தீர்க்கதரிசனத்தை நான் சிரித்துக் கடந்துவிடுவேன், இதை முடியாது. உபாகமம் 18:22 இதற்கென்றே எழுதினது போல இருக்கிறது. ஒரு தீர்க்கதரிசி கர்த்தரின் பெயரால் சொன்னது நடக்காமல் போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, "அவனுக்கு நீ பயப்படவேண்டாம்". என் அனுபவத்தில் அந்தத் தாய்மாருக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது அந்தக் கடைசி மூன்று சொற்கள்தான்.

குளிசையை நிற்பாட்டச் சொல்கிற போதகர்களைப் பற்றி வைத்தியர்கள் எழுதவேண்டும், நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். 1847இல் அமெரிக்க மிஷனரியாக யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்தார். இந்த மண்ணில் சுவிசேஷமும் மருந்தும் ஒரே படலையால் வந்தவை. இன்சுலினை விசுவாசத்துக்கு எதிரி ஆக்குகிறவர் எந்தப் பாரம்பரியத்தில் நிற்கிறார் என்று அவரிடமே கேளுங்கள்.

அப்போ யாரை நம்புவது என்று கேட்பார்கள். பவுல் எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகத் தர்மப்பணம் சேர்த்தபோது தனியே காவிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரைக் கூட அனுப்ப ஒழுங்கு செய்தார். ஒருவரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடி எச்சரிக்கையாயிருக்கிறோம் என்று காரணத்தையும் எழுதிவைத்தார் (2 கொரிந்தியர் 8). அப்போஸ்தலன் பவுலுக்கே துணைக்கு ஆள் தேவைப்பட்டது என்றால் எங்கள் தெருப் போதகருக்குத் தேவைப்படாதா? கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்கவேண்டும் என்கிறது. பழைய சபைகளில் தெரிவு செய்யப்பட்ட பொருளாளரும் வருடாந்தப் பொதுக்கூட்டமும் உண்டு. கூட்டம் சிலவேளை சண்டையில் முடியும். சண்டை பிடிக்க இடமிருப்பதே நல்ல அடையாளம் என்பது என் அபிப்பிராயம்.

பவுல் சொன்னதையே பெரோயா ஊரார் "காரியங்கள் இப்படியிருக்கிறதா" என்று தினமும் வேதத்தில் ஆராய்ந்து பார்த்தார்கள். அவர்களை நற்குணசாலிகள் என்றுதான் அப்போஸ்தலர் நடபடிகள் 17 சொல்கிறது, கலகக்காரர் என்று அல்ல. ஆகவே உங்கள் போதகரிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்: "இதைப் பற்றி வேறொரு சபையில் இருக்கிற ஒரு மூத்த ஊழியரிடமும் கேட்டுவிட்டு வாறன் ஐயா." நல்ல மேய்ப்பர் "கேளுங்கோ" என்பார், சிலர் தொலைபேசி இலக்கமும் தருவார்கள். முகம் கறுத்தால், அடுத்த ஞாயிற்றுப் பிரசங்கத்தில் உங்களைச் சாடையாகக் குத்தினால், உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஓய்வுபெற்ற குருமார் பலர் இங்கே வீட்டில் சும்மா இருக்கிறார்கள். சங்கத்துக்கும் பதவிக்கும் போட்டியிடத் தேவையில்லாத அவர்களோடு ஒரு பின்னேரம் இருந்து கதைத்த பலர் தெளிவோடு வந்ததைக் கண்டிருக்கிறேன். காசு வாங்காமல் கேட்கக்கூடியவர்கள்.

இனிச் சட்டம். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்குக் கீழ் வருகிற மனைவி, 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், உரிமையுரித்துக் கட்டளைச் சட்டப்படி, பொதுவாகக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் தன் காணியைக் கைமாற்ற முடியாது. அந்தச் சட்டத்தில் எனக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் "வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் வந்து எழுதுங்கோ" என்கிற போதகருக்கு அது ஒரு முட்டுக்கட்டை. குடும்பத்தைப் பகைக்க வைத்து, பயப்படுத்தி, தனிமைப்படுத்தி வாங்கின கையெழுத்தைத் தகாத செல்வாக்கு என்ற காரணத்தால் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். அதற்குச் சாட்சியம் வேண்டும், ஆகவே வட்ஸ்அப் குரல் பதிவுகளை அழிக்காதீர்கள். காணிக்கை என்று வாங்கின காசு சொன்ன காரியத்துக்குப் போகவில்லை என்றால், நம்பிக்கைத் துரோகம், ஏமாற்று என்று பொலிசில் முறையிடலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகம் இருக்கிறது. பிள்ளையைத் தனியே ஜெபத்துக்கு அனுப்பச் சொல்லி ஏதும் நடந்திருந்தால் சபை மூப்பர்களைக் கூட்டிப் பேச்சுவார்த்தை வைக்க வேண்டாம், உடனே சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு எடுங்கள். பெண்களுக்கு 1938.

முழு மனதோடு கோயிலுக்குக் கொடுக்க நினைக்கிறவர்களைத் தடுப்பது என் வேலை அல்ல. எங்கள் பள்ளிக்கூடங்களும் வைத்தியசாலைகளும் அப்படிக் கொடுத்தவர்களின் காணியில்தான் நிற்கின்றன. கொடுக்கிற முறை ஒன்று இருக்கிறது. போதகரின் சொந்தப் பெயரில் எழுதாமல், சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட திருச்சபைக்கோ, நம்பிக்கைப் பொறுப்பாளர் பலரின் பெயரில் தர்மசாசனமாகவோ (அறக்கட்டளையாக) எழுதுங்கள். உங்கள் சீவிய உரித்தை ஒதுக்குங்கள். என்ன காரியத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்பது உறுதியில் இருக்கட்டும். சாட்சிக்கு உங்கள் பக்கத்து ஆள் ஒருவராவது வரட்டும். இன்னும் மனம் ஊசலாடினால் நன்கொடையை விட்டுவிட்டு மரணசாசனம் (உயில்) எழுதலாம். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் போதும். உயிரோடும் தெளிந்த புத்தியோடும் இருக்கும்வரை அதை எத்தனை தரமும் மாற்றி எழுதலாம், யாரிடமும் உத்தரவு கேட்கத் தேவையில்லை.