கேஸ் லீக் என்றால் எந்த கேஸ்?

"அண்ணா, யூனிட்ல கேஸ் லீக் ஆகுதுபோல. வந்து பார்க்கிறீங்களா?"

போனில் இப்படி யாராவது சொன்னால், வீடு எங்கே என்று நான் விசாரிப்பதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்: எந்த கேஸ்? நம் பேச்சில் ஏசிக்குள் ஓடிக் குளிர்ச்சி தரும் ரெஃப்ரிஜரன்ட்டுக்கும் கேஸ் என்றுதான் பெயர், அடுப்பில் எரிவதற்கும் கேஸ் என்றுதான் பெயர். வெறும் ஏசி என்றால் குழப்பமே வராது. ஆனால் கோடையில் ஏசியாகவும் குளிர்காலத்தில் கேஸ் ஹீட்டராகவும் ஓடும் பேக்கேஜ் யூனிட்டில் இரண்டும் ஒரே தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஒன்று கசிந்தால் வீடு குளிராது. இன்னொன்று கசிந்தால் வீட்டைவிட்டு உடனே வெளியேற வேண்டும்.

அன்று அழைத்தவரிடம் நாற்றம் ஏதாவது வருகிறதா என்று கேட்டேன். "அழுகின முட்டை மாதிரி வருது. இருங்க, தெர்மோஸ்டாட்டை ஆஃப் பண்ணிட்டு வந்து பேசறேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதையும் தொடாதீங்க! போனை வெச்சிட்டு எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளியே போங்க. தள்ளிப் போய் நின்னு கேஸ் சப்ளைக்காரங்களோட அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்க" என்றேன். சுவிட்சைப் போடும்போது மட்டும்தான் பொறி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அணைக்கும்போதும் வரும். கேஸ் சூழ்ந்த இடத்தில் அந்தச் சின்னப் பொறி போதும்.

எரிவாயுவுக்கு இயல்பாக மணமே கிடையாது. கசிவைக் காட்டிக்கொடுக்கவே அந்தக் கந்தக நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, பள்ளமான இடத்தில் தேங்கி நிற்கும். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு லேசானது, மேலே ஏறும். அதனால் குனிந்து மோந்து பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். நாற்றம் லேசாக வந்தாலும் வெளியே போய்விட்டுத்தான் அடுத்த பேச்சு.

சரி, இந்தப் பெட்டி எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். ஸ்ப்ளிட் ஏசியில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு பாகம். பேக்கேஜ் யூனிட்டில் கம்ப்ரஸர், ரெஃப்ரிஜரன்ட் ஓடும் இரண்டு குழாய்ச் சுருள்கள் (காயில்கள்), காற்றைத் தள்ளும் புளோயர், சூடேற்றும் பகுதி எல்லாம் ஒரே கூட்டுக்குள். அது மாடியிலோ வீட்டோரம் ஒரு மேடையிலோ உட்கார்ந்திருக்கும். வீட்டுக்குள் வருவது இரண்டு டக்ட் மட்டும்: ஒன்று வீட்டுக் காற்றை இழுத்துப் போகும், மற்றது அதைக் குளிர்வித்தோ சூடாக்கியோ திருப்பி அனுப்பும். சத்தம் வீட்டுக்குள் அதிகம் வராது, இடமும் மிச்சம். ஆனால் கண்ணில் படாத பொருள் கவனத்திலும் படாது. யூனிட் எங்கே இருக்கிறது என்று கேட்டால் வீட்டுக்காரரே சற்று யோசித்துக் கை காட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்ப்ளிட் ஏசியில் பழகியவர்கள் செய்யும் ஒரு தவறு உண்டு. குளிர்காலம் வந்ததும் ஏசிக்கு வேலை இல்லை, மழையிலும் பனியிலும் ஏன் நனைய வேண்டும் என்று வெளியே இருக்கும் பெட்டியைத் தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டிவிடுவார்கள். பேக்கேஜ் யூனிட்டில் ஹீட்டரும் அதே பெட்டியில்தான் இருக்கிறது. குளிர்காலம்தான் அதற்கு முழு வேலைக் காலம். பர்னரின் புகை வெளியேறும் வாயைத் துணியால் கட்டியபடியே ஒரு வீட்டில் ஹீட்டரைப் போட்டிருந்தார்கள். புகை போக வழியில்லாததை உள்ளிருக்கும் பிரஷர் சுவிட்ச் கண்டுபிடித்து பர்னரை எரியவிடாமல் தடுத்திருந்தது. "ஹீட்டர் ரிப்பேர்" என்றுதான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று அந்த சுவிட்ச் ரிப்பேர் ஆகாமல் இருந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது. ஓடும் யூனிட்டின் மேல் எதையும் போர்த்தாதீர்கள். சுற்றிலும் கையேட்டில் சொன்ன இடைவெளி இருக்கட்டும். இலைச் சருகு, குவிந்த பனி, குளவிக்கூடு எல்லாம் புகைவாயை அடைக்கும். ஓடும்போது அந்த வாயில் கை வைத்தால் சுட்டுவிடும், அதையும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

அடுத்தது ஃபில்டர். "ஃபில்டரைச் சுத்தமாக வையுங்கள்" என்று யார் சொன்னாலும் காதில் விழாது. ஏதோ மின்சாரச் செலவு பற்றிய அறிவுரை என்று கடந்துபோய்விடுவோம். கேஸ் ஹீட்டர் உள்ள யூனிட்டில் அந்தக் கதை வேறு மாதிரிப் போகும்.

பர்னரின் நெருப்பு நேராக வீட்டுக் காற்றைத் தொடுவதில்லை. நெருப்பும் புகையும் ஓர் இரும்புக் கூட்டுக்குள் போகும், வீட்டுக் காற்று அந்தக் கூட்டின் வெளிப்புறத்தை உரசிச் சூடாகும். இந்தக் கூட்டைத்தான் ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்கிறோம். புகைக்கும் உங்கள் படுக்கையறைக் காற்றுக்கும் நடுவே இருப்பது இந்த மெல்லிய தகடுதான். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் காற்றோட்டம் குறையும். தகட்டின் சூட்டை எடுத்துப்போகப் போதுமான காற்று இல்லாமல் அது அளவுக்கு மேல் காயும். லிமிட் சுவிட்ச் பர்னரை அணைக்கும். ஆறியதும் மறுபடி எரியும், மறுபடி அணையும். ஒரு கம்பியை மாறி மாறி வளைத்தால் என்ன ஆகிறதோ அதுதான் இந்தத் தகட்டுக்கும் நடக்கிறது. விரிவதும் சுருங்குவதுமாகச் சில குளிர்காலங்கள் போனால் எங்காவது ஒரு மடிப்பில் விரிசல் விழும்.

விரிசல் வழியே புளோயர் காற்று உள்ளே புகுந்தால் சுடர் கலையும். எரிவாயு முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அது வீட்டுக்குள் போகும் காற்றில் கலக்கவும் இப்போது வழி திறந்திருக்கிறது. நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று ஃப்ளூ காய்ச்சல் போலவே தொடங்கும், ஆனால் காய்ச்சல் இருக்காது. ஒரு குடும்பத்தில் வீட்டிலேயே இருந்த பாட்டிக்குத் தினமும் தலைவலி. வேலைக்குப் போகும் மகனுக்கு வாசலைத் தாண்டினால் சரியாகிவிடும். நான் போனது அறை சரியாகச் சூடாகவில்லை என்ற புகாருக்கு. ஃபில்டரை உருவினேன், கம்பளித் துண்டு போல வந்தது. புளோயர் ஓடத் தொடங்கியதும் நேராக எரிந்த நீலச் சுடர் ஆடி மஞ்சளானது. அங்கேயே யூனிட்டை அணைத்து, கேஸ் வால்வை மூடிவிட்டு வெளியே வந்துதான் விஷயத்தைச் சொன்னேன்.

"பெட்டி வெளியேதானே இருக்கு, புகை எப்படி உள்ளே வரும்?" என்று அந்த மகன் கேட்டார். எல்லாரும் கேட்பதுதான். பெட்டி வெளியே இருந்தாலும் அதன் மூச்சு உங்கள் வீட்டுக்குள்தான் விடப்படுகிறது. ஆகவே கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும், படுக்கையறைகளுக்கு அருகிலும் ஒவ்வொரு தளத்திலும். அதற்கும் ஆயுள் உண்டு. பின்பக்கம் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். அது ஒலித்தால் ஜன்னலைத் திறந்துகொண்டு நிற்க வேண்டாம், எல்லாரும் வெளியே வந்து அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

மெல்லிய ஃபில்டர் என்றால் மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். வெளிச்சம் தெரியவில்லையா, மாற்றுங்கள். அளவு சரியாக இருக்க வேண்டும், அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்ட வேண்டும். தூசியைக் கூடுதலாகப் பிடிக்கட்டும் என்று மிக அடர்த்தியான ஃபில்டரைப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த யூனிட் அதைத் தாங்குமா என்று தெரியாமல் போட்டால் புது ஃபில்டரே அடைத்த ஃபில்டர் போல நடந்துகொள்ளும். உபயோகமில்லாத அறை என்று காற்றுவாய்களை வரிசையாக மூடுவதும் இதே கணக்குத்தான்.

மின்சாரப் பக்கம் வருவோம். நான் வேலை பழகிய காலத்தில் பவரை அணைத்தாயிற்று என்ற தைரியத்தில் கெப்பாசிட்டரில் விரல் வைத்தேன். கை மேலே பறந்து மூடியின் விளிம்பில் கிழித்துக்கொண்டது. அணைத்த பிறகும் கெப்பாசிட்டர் தன்னிடம் இருக்கும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதன் மேல் 370 அல்லது 440 வோல்ட் என்று எழுதியிருப்பது சும்மா இல்லை. வீடியோவைப் பார்த்து இதை மாற்றிவிடலாம் என்று கிளம்புபவர்கள் இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: மின் ஹீட்டர் உள்ள யூனிட்டுக்குச் சில இடங்களில் இரண்டு தனி இணைப்புகள் வரும். ஒரு பிரேக்கரை இறக்கிவிட்டால் பெட்டி செத்துவிட்டது என்று அர்த்தம் ஆகாது.

நான் வீட்டுக்காரர்களுக்குச் சொல்லும் எல்லை எளிமையானது. ஸ்குரூடிரைவர் இல்லாமல் கையால் திறக்க முடிகிற கதவுவரை உங்கள் வேலை. ஃபில்டர் கதவு பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், அதையும் யூனிட்டை அணைத்துவிட்டுத் திறங்கள். திருகாணி போட்டு மூடியதெல்லாம் எங்கள் வேலை. பிரேக்கர் விழுந்தால் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள், அது ஏதோ சொல்ல வருகிறது. ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃப்யூஸ் போடுவது, குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டுத் தூங்குவது மாதிரி.

இனி அந்த இன்னொரு கேஸ். ரெஃப்ரிஜரன்ட் பெட்ரோல் போலச் செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. வருடா வருடம் கேஸ் ஏற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னால், வருடா வருடம் ஓட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார் என்று பொருள். ஆர்-410ஏ என்ற ரெஃப்ரிஜரன்ட், பழைய வகையான ஆர்-22ஐவிடச் சுமார் 60 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் ஓடுகிறது. திறந்தவெளியில் அது மைனஸ் 51 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும், தோலில் பட்டால் உறைபுண்தான். புதிதாக வரும் ஆர்-32, ஆர்-454பி போன்றவை லேசாகத் தீப்பற்றக் கூடியவை. பெயர்த்தகட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத் தவிர வேறு எதையும் ஏற்ற விடாதீர்கள். எரிவாயுவிலும் இதே கண்டிப்பு வேண்டும். எல்பிஜியின் எரிசக்தி, அதே கன அளவு இயற்கை எரிவாயுவைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு. எரிவாயு வெளிவரும் துளையான நாஸிலை மாற்றாமல் ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுத்தால் பர்னர் சரியாக எரியாது.

பயப்பட வேண்டாத ஒன்றையும் சொல்கிறேன். வெளிக்காற்றின் சூட்டை எடுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வகை யூனிட்டில் பனிக்காலத்தில் திடீரென்று மின்விசிறி நின்று, மேலே குபுகுபுவென்று வெள்ளையாகக் கிளம்பும். ஒரு பெரியவர் தீப்பிடித்துவிட்டது என்று வாளித் தண்ணீரோடு ஓடியிருக்கிறார். அது வெறும் நீராவி. காயிலில் படிந்த உறைபனியை யூனிட் தானே உருக்கிக்கொள்கிறது, சில நிமிடங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். கருகல் வாடை வந்தால் மட்டும் கதை வேறு. கோடையில் உள் காயில் பனிக்கட்டியாகிப் போவது இதிலிருந்து வேறுபட்ட கோளாறு. அப்போது கூலிங்கை அணைத்து விசிறியை மட்டும் ஓடவிடுங்கள், தானாக உருகும். கத்தியால் சுரண்டினால் குழாயில் ஓட்டை விழும்.

வெளிக் காயிலைப் பவரை அணைத்துவிட்டுத் தோட்டக் குழாயால் மெதுவாகக் கழுவலாம். பிரஷர் வாஷர் வேண்டாம், அந்த மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்று போகும் வழியே அடைத்துவிடும். தகடுகள் பிளேடு போல வெட்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் வடியும் குழாயில் ஒரு வளைவு இருக்கும். அதில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். குளிர்காலத்தில் காய்ந்திருந்தால் கோடை தொடங்கும்போது கொஞ்சம் ஊற்றி வையுங்கள், இல்லாவிட்டால் புளோயர் அந்த வழியே காற்றை இழுத்துத் தண்ணீரை வடியவிடாது. பெட்ரோல், தின்னர், பிளீச் டப்பாக்களை யூனிட் ஓரம் அடுக்காதீர்கள். முதலிரண்டும் தீப்பற்றும், பிளீச்சின் ஆவி ஹீட் எக்ஸ்சேஞ்சரை அரிக்கும். வெள்ளத்தில் மூழ்கிய யூனிட்டை வெயிலில் காயவைத்து ஓட்டிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. யாராவது பிரித்துப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை பவரும் வேண்டாம், கேஸும் வேண்டாம்.

நீண்ட நாள் பவரே இல்லாமல் கிடந்த யூனிட்டை உடனே கூலிங்கில் போடாதீர்கள். குளிர்ந்து கிடக்கும் கம்ப்ரஸர் எண்ணெயில் ரெஃப்ரிஜரன்ட் போய்க் கலந்திருக்கும். கம்ப்ரஸருக்கு அடியில் உள்ள சிறு ஹீட்டர் அதைப் பிரித்தெடுக்க நேரம் வேண்டும். பல கையேடுகள் பவர் கொடுத்து 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்கின்றன. அப்புறம், அணைத்த கையோடு மறுபடி போடும் பழக்கமும் கம்ப்ரஸருக்கு ஆகாது. ஐந்து நிமிடம் விடுங்கள்.

எங்களைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு சின்ன உதவி. பல யூனிட்களில் பேனலில் ஒரு சிறு கண்ணாடித் துளை இருக்கும். அதன் வழியே பார்த்தால் உள்ளே போர்டில் ஒரு குட்டி விளக்கு சிமிட்டுவது தெரியும். எத்தனை முறை சிமிட்டி நிற்கிறது என்பதுதான் அது சொல்லும் கோளாறு. மூன்றா, நான்கா என்று எண்ணி, பெயர்த்தகட்டில் உள்ள மாடல் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிரேக்கரை இறக்கினால் அந்தக் கணக்கு அழிந்துபோகலாம், அதனால் அணைப்பதற்கு முன்பே எண்ணிவிடுங்கள். முட்டை நாற்றம் வந்தால் மட்டும் எண்ணவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்.