பெயரில்லாத வரிகளுக்குள் ஒரு குடும்பத்தைக் கண்டறிவது எப்படி?

அமெரிக்காவில் 1870க்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைகளின் பெயர்களே இல்லை என்றால், இன்றைய கறுப்பினக் குடும்பங்கள் தம் முன்னோரை எவ்வாறு கண்டுபிடிக்கின்றன என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். விடையின் பெரும்பகுதி கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நீதிமன்றங்களின் பதிவேடுகளில் இருக்கிறது. வர்ஜீனியா மாநிலத்தைக் கொண்டு அதை விளக்குகிறேன்.

1850ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கான வரைவில் அடிமைகளின் பெயரை எழுதவும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. தென்மாநில செனட்டர்கள் எதிர்த்ததால் அது நீக்கப்பட்டது. அதன் விளைவாக, 1860இல் அடிமைகளாக இருந்த ஏறத்தாழ 39.5 லட்சம் பேரும், மிகச் சிலரைத் தவிர, உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்ற குறிப்புகளாக மட்டுமே எஞ்சினார்கள்.

சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவரின் நிலை வேறு. வர்ஜீனியாவில் 1793ஆம் ஆண்டுச் சட்டம் நகரங்களிலும், 1803ஆம் ஆண்டுச் சட்டம் கவுண்டிகளிலும் அவர்கள் நீதிமன்ற எழுத்தரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று கட்டளையிட்டன. பெயர், வயது, நிறம், உயரம், முகத்திலும் தலையிலும் கைகளிலும் உள்ள தழும்புகள், விடுதலை கிடைத்த விதம் ஆகியவற்றை எழுத்தர் பதிந்து சான்றிதழ் வழங்குவார். புகைப்படம் இல்லாத காலத்தில் தழும்புதான் அடையாளம். ஆயினும் காகிதத்தில் எழுதியதை ஆளோடு ஒப்பிடுவது பார்ப்பவரின் கவனத்தைப் பொறுத்தது. பின்னாளில் அடிமை ஒழிப்புப் போராளியாகப் புகழ்பெற்ற பிரெடெரிக் டக்ளஸ், 1838இல் தாம் அடிமையாக இருந்த மேரிலாந்து மாநிலத்திலிருந்து தப்பியபோது, தம் தோற்றத்துக்குப் பொருந்தாத ஒரு மாலுமியின் சான்றிதழைக் கடன் வாங்கி வைத்திருந்தார். ரயில் நடத்துநர் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

அடிமைகளோ சட்டத்தின் கண்ணில் சொத்து. ஆகவே உயில்கள், விற்பனைப் பத்திரங்கள், அடமானங்கள், இறந்தவரின் உடைமைகளை மதிப்பிடும் பட்டியல்கள் ஆகியவற்றில் அவர்களின் பெயர்கள் கிடைக்கின்றன. கடன் கொடுத்தவரும் வாரிசும் ஏமாறக்கூடாது என்பதற்காக ஒவ்வொருவரும் பெயரோடும் விலையோடும் எழுதப்பட்டார்கள். இந்தப் பெயர்களைக் கணக்கெடுப்பின் பெயரில்லாத வரிகளோடு இணைக்கும் முறை எனக்குப் பெருவியப்பைத் தருவது. "பெண், வயது 34" என்ற வரி ஆயிரக்கணக்கானோருக்குப் பொருந்தும். ஒரு தாயையும் அவளுடைய மூன்று பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தால் பொருந்தக்கூடிய குழுக்கள் மிகச் சிலவாகிவிடும். ஆண்டுகள் கடக்கக் கடக்க எல்லாருடைய வயதும் மாறினாலும் உடன்பிறந்தவர்களுக்கு இடையிலான வயது இடைவெளி மாறுவதில்லை என்பதே இம்முறையின் அடித்தளம்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 1857இல் தயாரான உடைமைப் பட்டியலில் மார்த்தா, வயது 31. பிள்ளைகள் ஐசக் 12, கிட்டி 9, நெட் 4. இடைவெளிகள் மூன்றும் ஐந்தும். 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த உரிமையாளரின் மகனுடைய பெயருக்குக் கீழே 15, 12, 7 வயதுள்ள மூவர் அதே பால் வரிசையில் இருந்தால், முதல் முடிச்சு விழுகிறது. தாயின் வயது 34க்குப் பதிலாக 35 என்றிருந்தாலும் குழப்பம் வேண்டாம். பெரியவர்களின் வயதை ஐந்திலும் பத்திலும் முடியுமாறு எழுதுவது அக்காலத்தில் சாதாரணம், பிள்ளைகளின் வயதே அதிக நம்பகமானது. வர்ஜீனியாவில் 1853இல் தொடங்கிய பிறப்புப் பதிவேட்டில், தாய் மார்த்தா என்றும் உரிமையாளர் இன்னார் என்றும் நெட்டின் பிறப்பு பதிவாகியிருந்தால் பிணைப்பு இன்னும் வலுப்பெறும். 1870இல் குடும்பப் பெயரோடு வரும் 25, 22, 17 வயதுடைய மூவரை இவர்களோடு இணைத்துவிடலாம். பிள்ளைகளில் ஒருவர் விற்கப்பட்டிருந்தால் இந்தக் கோலம் குலைந்துவிடும்; அப்போது விற்பனைப் பத்திரத்தைத் தேட வேண்டும்.

இச்சங்கிலியில் தந்தையைக் காணவில்லை என்பதைக் கவனியுங்கள். பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பின்பற்றும் என்று வர்ஜீனியா 1662இலேயே சட்டமியற்றியிருந்ததால், உடைமைக் கணக்குக்குத் தாயின் பெயர் மட்டுமே தேவைப்பட்டது. 1866 பிப்ரவரி 27 அன்று கணவன் மனைவியாக வாழ்ந்துகொண்டிருந்த முன்னாள் அடிமைகளைப் பதிவு செய்த ஏடுகளில்தான் பல தந்தையர் முதன்முதலாகப் பிள்ளைகளோடு சேர்த்து எழுதப்பட்டார்கள். இருவரின் பிறந்த இடம், கடைசி உரிமையாளர், சேர்ந்து வாழத் தொடங்கிய காலம் ஆகியவையும் அவற்றில் உண்டு. விடுதலை பெற்ற பலர் உரிமையாளரின் குடும்பப் பெயரை ஏற்கவில்லை என்பதால், 1870இலிருந்து பின்னோக்கிச் செல்பவருக்கு இந்த ஏடு கிடைப்பது பெரும் பேறு. சில கவுண்டிகளுக்கே அது எஞ்சியிருக்கிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பாதுகாப்புக்கென்று ரிச்மண்ட் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல கவுண்டிகளின் ஏடுகள் 1865 ஏப்ரலில் அந்நகரத் தீயில் அழிந்தன. எஞ்சியவற்றைச் செப்பனிட, நிலப் பத்திரப் பதிவுக் கட்டணத்தின் ஒரு சிறு பகுதியை வர்ஜீனியா ஒதுக்குகிறது. மனிதர்களை நிலத்தோடு சேர்த்துப் பதிந்த ஏடுகளுக்கு நிலப் பதிவின் பணமே செலவிடப்படுவது மிகவும் நியாயமான ஏற்பாடு என்று கருதுகிறேன். பிற மாநிலங்களும் இதைச் செய்ய வேண்டும். மின்னுருவாக்கத்துக்குக் கிடைக்கும் அளவு நிதி, மங்கிய கையெழுத்தைப் படித்துப் பெயர்களை அகரவரிசைப்படுத்தும் வேலைக்கும் கிடைத்தாக வேண்டும். அந்த அட்டவணை இல்லாத ஏட்டில் மார்த்தாவைத் தேட விரும்புபவர் ஒவ்வொரு பக்கத்தையும் தாமே வாசித்தாக வேண்டியிருக்கிறது.