ஆக்ஸிடென்ட் அன்னிக்கு ஒண்ணுமில்ல, பத்து நாள் கழிச்சு கழுத்து திரும்பல: கிளெய்ம் எங்க போய் மாட்டுது?

பாலக்காடு பொள்ளாச்சின்னு பார்டருக்கு ரெண்டு பக்கமும் ஆக்ஸிடென்ட் கேஸ் பாக்குறவன் நான். இந்த நஷ்டஈடு கேஸுக்கு தமிழ்நாட்டுப் பக்கம் எம்.சி.ஓ.பி., கேரளா பக்கம் ஓ.பி. எம்.வி.ன்னு நம்பர் விழும், மத்தபடி ஃபைலுக்குள்ள இருக்குற தலைவலி ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதாங்க. கால் ஒடஞ்சு பிளேட் வெச்சு வர்றவங்க கேஸ் ஒரு வகையில சுலபம், எக்ஸ்ரேவே பேசிரும். அடிபட்ட அன்னிக்கு எந்திரிச்சு நின்னு சட்டையத் தட்டிட்டு "எனக்கு ஒண்ணுமில்லைங்க"ன்னு வீட்டுக்குப் போனவங்க கேஸ்தான் கஷ்டம்.

கஞ்சிக்கோடு கம்பெனிக்குப் போறவங்க, முதலமடை மாந்தோப்புக்கு வேலைக்குப் போறவங்க, கொழிஞ்சாம்பாறையில இருந்து கோயமுத்தூருக்கு தினமும் பைக்குல ஓடுறவங்க, இவங்கதான் அதிகம் மாட்டுறது. கார்க்காரரு பதறிப்போய் எறங்குவாரு, கூட்டம் கூடும், யாராச்சும் ஒருத்தரு நடுவுல பூந்து "ரெண்டாயிரம் வாங்கிட்டு போப்பா, ஸ்டேஷன் கேஸுன்னு அலையாத"ன்னு முடிச்சு வெப்பாரு. கேரளா பக்கம்னா வண்டி டேமேஜ் கிளெய்முக்காக ஸ்டேஷன் டைரியில ஒரு ஜி.டி. என்ட்ரி போட்டு வாங்கிக்குவாங்க, அதுல "யாருக்கும் காயம் இல்லை, பரஸ்பரம் பேசி முடிச்சாச்சு"ன்னு ஒரு வரி இருக்கும். ஒரு மாசம் கழிச்சு கை மரத்துப்போயி எம்.ஆர்.ஐ. எடுத்து டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு தெரிஞ்சு எங்ககிட்ட வர்றப்ப, இன்சூரன்ஸ் வக்கீல் மொதல்ல தூக்கிக் காட்டுறது அந்த ஒரு வரியத்தான்.

வலி லேட்டா வர்றது நடிப்பு இல்லைங்க. அடிபட்ட அதிர்ச்சியில ஒடம்பு சுரக்குற அட்ரினலின் கொஞ்ச நேரத்துக்கு வலிய அமுக்கி வெச்சிரும், அது எறங்குனதும்தான் எல்லாம் ஆரம்பிக்கும். பின்னாடி இருந்து கார் இடிச்சா கழுத்து வெடுக்குனு முன்னபின்ன போகுமே, அந்த வலியும் இறுக்கமும் பலபேருக்கு அடுத்த நாளோ அதுக்கடுத்த நாளோதான் தெரியும். கைய ஊனி விழுந்தவங்களுக்கு கட்டைவிரலுக்குக் கீழ மணிக்கட்டுல ஸ்கேஃபாய்டுன்னு ஒரு சின்ன எலும்பு, அதுல விரிசல் விட்டா மொத எக்ஸ்ரேல தெரியாமலே போகலாம், பத்துப் பதினாலு நாள் கழிச்சு மறுபடி எடுத்தாதான் தெரியும். அதுக்குத்தான் ஆர்த்தோ டாக்டர் கட்டுப்போட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்கன்னு சொல்றாரு, நம்மாளு வலி கொறஞ்சிருச்சுன்னு போகமாட்டாரு. இடுப்பு மூட்டு நழுவுனவங்களுக்கு ரத்த ஓட்டம் கெட்டு பந்து மாதிரி இருக்குற எலும்பு மாசக்கணக்கு, ஏன் வருஷக்கணக்கு கழிச்சும் நைஞ்சு போறது உண்டு.

பயப்பட வேண்டியது தலையும் வயிறும். வயசானவங்க, தண்ணி போடுறவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க, இவங்களுக்கு லேசா மண்டையில அடிபட்டாலும் மூளைக்கு மேல ரத்தம் கொஞ்சங்கொஞ்சமா கசிஞ்சு ரெண்டு மூணு வாரம் கழிச்சு காட்டும். தலைவலி, நடை தள்ளாடுறது, பேச்சு குழறுறது, ஒரு பக்கம் கை வலுவில்லாம போறது, வீட்டுல "அப்பாவுக்கு வயசாயிருச்சு, மறதி வந்துருச்சு"ன்னு விட்டுருவாங்க. மண்ணீரல்ல அடி இருந்தா சில நாள் கழிச்சுக்கூட உள்ள வெடிச்சு ரத்தம் போகலாம், இடது விலாவுக்குக் கீழ வலி, சில பேருக்கு இடது தோள்ல வலி, மயக்கம். இதெல்லாம் வந்தா என்னைய மாதிரி வக்கீலுக்கு போன் போடாதீங்க, மொதல்ல காஷுவாலிட்டிக்கு ஓடுங்க.

சரி, இப்ப பேப்பருக்கு வருவோம். கோர்ட்டு கேக்குறது ஒரே கேள்விதான், இந்தக் காயம் அந்த விபத்துலதான் வந்துச்சுன்னு என்ன ஆதாரம்? விபத்து நடந்த நாளுக்கும் மொத மருத்துவச் சீட்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி எவ்வளவு பெருசோ, அவ்வளவு சந்தேகம். அதுல இன்சூரன்ஸ்காரங்கள முழுசா குத்தம் சொல்லவும் முடியாதுங்க, மாடியில இருந்து விழுந்தத ஆக்ஸிடென்ட்னு காட்டி பொய் கேஸ் போடுறவங்களும் இருக்காங்கல்ல, அந்தப் பாவம் உண்மையா அடிபட்டவன் தலையில விடியுது.

கேஸ் தோக்குறதுக்கு நான் பாக்குற மொதல் காரணம் எதுன்னா, ஆஸ்பத்திரியில மொத நாள் என்ன சொன்னீங்கங்கறதுதான். டூட்டி டாக்டர் "எப்படி அடிபட்டுச்சு?"ன்னு கேட்டு ஏ.ஆர். புக்குல, அதாவது ஆஸ்பத்திரியோட விபத்துப் பதிவேட்டுல எழுதுவாரு, கேரளாவுல வூண்ட் சர்ட்டிபிகேட்ங்கற காயச் சான்றிதழ்ல எழுதுவாங்க. கூட வந்த மச்சானோ ஃப்ரெண்டோ போலீஸ் தொல்லை வேண்டாம்னு "வண்டி சறுக்கி தானா விழுந்துட்டாரு"ன்னு சொல்லிருவாங்க. அவ்வளவுதான். அடுத்த வண்டியோட தப்புன்னு நிரூபிச்சாதான் மோட்டார் வாகனச் சட்டம் 166வது பிரிவுல காசு, தானா விழுந்தவனுக்கு யாரோட இன்சூரன்ஸ் குடுக்கும்? ஆறு மாசம் கழிச்சு நாங்க "கார் இடிச்சது"ன்னு பெட்டிஷன் போட்டா, குறுக்கு விசாரணையில அந்த ஏ.ஆர். காப்பிய நீட்டுவாங்க, சாட்சிக் கூண்டுல நிக்குறவருக்கு வாய் வராது. அதனால லேசான சிராய்ப்பா இருந்தாலும் அன்னிக்கே ஒரு ஜி.எச்.லயோ கிளினிக்லயோ காட்டுங்க, எந்த வண்டி, எந்த எடம், எத்தன மணின்னு சொல்லுங்க, எழுதுனத படிச்சுக் காட்டச் சொல்லுங்க.

ரெண்டாவது எங்க ஏரியாவுக்கே உரிய விஷயம், நாட்டு வைத்தியசாலை. கழுத்து புடிச்சுக்கிச்சுன்னா நேரா முறிவெண்ணெய், உழிச்சல் (எண்ணெய் போட்டு நீவுறது), கட்டு. வைத்தியத்த நான் குறை சொல்லல, எங்க வீட்டுலயும் அந்த எண்ணெய் பாட்டில் இருக்கு. ஆனா பல எடத்துல சீட்டும் கெடையாது பில்லும் கெடையாது, மூணு வாரம் அங்கயே போயிரும், அந்த மூணு வாரமும் கோர்ட்டு கணக்குல நீங்க சௌக்கியமா இருந்த மூணு வாரம். அங்க போனாலும் தேதி போட்டு ஒரு சீட்டு வாங்கிக்குங்க, ஒரு தடவ ஆர்த்தோ டாக்டர்கிட்டயும் காட்டி வைங்க.

லேட்டா வலி வந்து டாக்டர்கிட்ட போறப்ப வெறும் "கழுத்து வலி"ன்னு சொல்லாதீங்க. இந்தத் தேதியில விபத்து, அதுக்கப்புறம் இத்தனாவது நாள் வலி ஆரம்பிச்சுது, முன்னாடி இப்படி இருந்ததில்லன்னு சொல்லி அத ஓ.பி. சீட்டுல எழுத வைங்க. நாற்பது வயசு தாண்டுன பலபேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தா தேய்மானம்னு ஒரு வார்த்தை ரிப்போர்ட்ல வரத்தான் செய்யும், எதிர்த்தரப்பு வக்கீல் "இது வயசால வந்தது, விபத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு சொன்னா சரிதானே?"ன்னு டாக்டர்கிட்ட கேப்பாரு. அப்ப காப்பாத்துறது என்னன்னா, விபத்துக்கு மொத வாரம் வரைக்கும் அந்த ஆளு மூட்டை தூக்குனாரு, லீவே போடலைங்கறதுக்கு கம்பெனி அட்டெண்டன்ஸ், அதோட சிகிச்சை குடுத்த டாக்டரோட சாட்சி. 2010 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டு ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்புல, காசுக்கு ரெடிமேடா எழுதிக் குடுக்குற ஊன சர்ட்டிபிகேட் விஷயத்துல ட்ரிப்யூனல் (ஆக்ஸிடென்ட் நஷ்டஈடு கேஸ் பாக்குற கோர்ட்டு) உஷாரா இருக்கணும்னு சொல்லியிருக்கு. அதே தீர்ப்புலதான், ஒடம்புல எத்தன சதவீத ஊனம்ங்கறது வேற, அதனால சம்பாத்தியம் எவ்வளவு கொறையுதுங்கறது வேறன்னும் தெளிவா சொன்னாங்க. டிரைவருக்கு கழுத்து திரும்பலன்னா பத்து சதவீத ஊனம் வேலைய மொத்தமா பறிச்சிரும், உக்காந்து கணக்கு எழுதுறவருக்கு அப்படி இல்ல.

எஃப்.ஐ.ஆர். லேட்டாயிருச்சே, போச்சான்னு கேப்பாங்க. போகல. 2011ல ரவி எதிர் பத்ரிநாராயண் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு, எஃப்.ஐ.ஆர். லேட்டுங்கறதுக்காக மட்டும் கிளெய்ம தள்ளக்கூடாது, அடிபட்டவங்க மொதல்ல ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவாங்கன்னு சொல்லிருச்சு. ஆனா லேட்டுக்கு நம்புற மாதிரி காரணம் வேணும், அந்தக் காரணம் மருத்துவச் சீட்டுல தெரியணும். விபத்து வாளையாருக்கு அந்தப்பக்கம், வீடு இந்தப்பக்கம்னாலும் பரவால்ல, 2024 ஜூலை 1ல இருந்து இருக்குற புது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173 படி எந்த ஸ்டேஷன்லயும் புகார் குடுக்கலாம், அவங்க அங்க அனுப்பி வெப்பாங்க. ஏற்கனவே சின்னக் காயம்னு கேஸ் ஆகியிருந்தா, எலும்பு முறிவு பின்னாடி தெரிஞ்சாலோ பதினஞ்சு நாள் கடும் வலியிலயோ வழக்கமான வேலை பாக்க முடியாமலோ கெடந்தாலோ அது கொடுங்காயம், பழைய ஐ.பி.சி.ல இருபது நாளா இருந்தது இப்ப பதினஞ்சு. ரிப்போர்ட்ட எஸ்.ஐ.கிட்ட குடுத்து ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.ல சாதாக் காயத்துக்கான 125(அ)வ கொடுங்காயத்துக்கான 125(ஆ)வா மாத்தச் சொல்லி எழுதிக் குடுங்க, சும்மா வாயில சொன்னா மாறாது.

விபத்துல அடிபட்டவங்களுக்கு காசு கட்டாம சிகிச்சை குடுக்க 2025ல வந்த கேஷ்லெஸ் திட்டமும் லேட் வலிக்காரங்களுக்கு அவ்வளவா ஒதவாது, ஒண்ணரை லட்சம் வரைக்கும்னாலும் விபத்து நாள்ல இருந்து ஏழு நாளுக்குத்தான்.

காம்ப்ரமைஸ் பத்தி கொஞ்சம் கறாரா சொல்றேன். சமரசம் பேசி முடிக்கிற லோக் அதாலத்துல கையெழுத்து போட்டா அதுதான் கடைசி, அப்பீல் கெடையாது. ட்ரிப்யூனல் தீர்ப்பும் ஒரே ஒரு தடவதான், 2002 நாகப்பா கேஸ்லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு, பின்னாடி ஆபரேஷன் வந்துச்சுன்னு மறுபடி போய் கேக்க வழியில்ல, எதிர்கால வைத்தியச் செலவையும் அந்தத் தீர்ப்புக்குள்ளயே வாங்கிக்கணும். அதே கேஸ்லதான் பெட்டிஷன்ல கேட்டத விட அதிகமா குடுக்கலாம்னும் சொன்னாங்க. அதனால கல்யாணச் செலவு இருக்குதுன்னு மூணாம் மாசமே செட்டில் பண்ணாதீங்க, காயத்தோட நிலைமை இனி மாறப்போறதில்லன்னு டாக்டர் சொல்ற வரைக்கும் கேஸு நடக்கட்டும், ஊன சதவீதம் போடுற மெடிக்கல் போர்டுக்கும் அதுக்கப்புறம் போனா போதும்.

ஆனா பெட்டிஷன் போடுறதுக்கு காத்திருக்காதீங்க, இது வேற அது வேற. மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019 திருத்தத்துல வந்த 166(3), 2022 ஏப்ரல் 1ல இருந்து அமல்ல இருக்கு, ஆறு மாசத்துக்குள்ள போடணும்னு. ஆறு மாசம் எண்ணுறது விபத்து நாள்ல இருந்து, உங்களுக்கு வலி வந்த நாள்ல இருந்து இல்ல. இந்தச் செக்‌ஷன எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் வழக்கு போயிருக்கு, அத நம்பி யாரும் உக்காரக்கூடாது. தெரிஞ்ச காயத்த வெச்சு மொதல்ல போட்டுருங்க, பின்னாடி தெரியுறத பெட்டிஷன்ல அமெண்ட்மெண்ட் போட்டு சேத்துக்கலாம். ஏற்கனவே ஆறு மாசம் தாண்டியிருந்தாலும் வீட்டுல உக்காந்து நீங்களே முடிவு பண்ணாம, இருக்குற பேப்பரோட ஒரு வக்கீலப் பாத்துக் கேளுங்க.

பார்டர்க்காரங்களுக்கு ஒரு வசதி, விபத்து கேரளாவுல நடந்திருந்தாலும் நீங்க குடியிருக்குற ஊரு ட்ரிப்யூனல்லயே கேஸ் போடலாம், பாலக்காட்டுக்கு அலைய வேண்டியதில்ல. எஃப்.ஐ.ஆர்., மகஜர் (சம்பவ இடத்தப் பாத்து போலீஸ் எழுதுறது), வூண்ட் சர்ட்டிபிகேட்ல மலையாளத்துல இருக்குறதெல்லாம் மொழிபெயர்த்துக் குடுக்கணும், அதுக்கும் நாள் புடிக்கும், ஆறு மாசக் கணக்குல அதையும் சேத்துக்குங்க.