குத்திய ஊசியை மறைக்காதீர்கள்

போன வருடம் ஒரு நாள் ராத்திரி ஒன்பதரை மணி, கிளினிக்கை மூடிக்கொண்டிருந்தேன். பழைய வண்ணாரப்பேட்டையில் அந்த நேரத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அன்றைக்கு வந்தது இரண்டு பெண்கள், இரண்டு பேரும் ஹவுஸ் சர்ஜன்கள், எம்.பி.பி.எஸ். தேர்வு முடித்துப் பயிற்சியில் இருக்கிற டாக்டர்கள். ஒருத்தி எனக்குத் தெரிந்தவள். காசிமேட்டுப் பெண், அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர், எட்டு வயதில் இருமலுக்கு என்னிடம் மருந்து வாங்கிப் போனவள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க, கூட வந்தவள்தான் பேசினாள். "மேடம், இவளுக்கு ஊசி குத்திடுச்சு. நேத்து விடியக்காலை மூணு மணிக்கு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கிறா."

42 மணி நேரம் ஓடிப்போயிருந்தது. நோயாளிக்குப் போட்ட ஊசி குத்திவிட்டால், எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மருந்தைத் தொடங்க மொத்தமே 72 மணி நேரம்தான்.

அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் நடக்கக்கூடியதுதான்.

மெடிசின் வார்டு, 24 மணி நேர டூட்டி. காய்ச்சலோடு சேர்ந்த ஒருவருக்கு ரத்தம் எடுத்திருக்கிறாள். ஊசியைப் போடுகிற வெள்ளை டப்பா வார்டின் அந்தக் கோடியில், நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. இவ்வளவு தூரம் திறந்த ஊசியோடு நடக்க வேண்டாமே என்று மூடியைத் திரும்ப மாட்டப் போனவளுக்கு, மூடி நழுவி, ஊசி இடது கட்டைவிரலில் இறங்கிவிட்டது. கிளவுஸுக்குள் ஒரு பொட்டு ரத்தம். பாத்ரூமுக்குப் போய் விரலைப் பிதுக்கிப் பிதுக்கிப் பார்த்து, ஸ்பிரிட்டை ஊற்றி, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டாள். இன்னும் நான்கு பேருக்கு ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது.

"ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"பி.ஜி. அக்காவே முந்தின நாள் காலையிலேருந்து நின்னுட்டு இருந்தாங்க மேடம். அவங்ககிட்ட போய் இதச் சொல்றதா?" பி.ஜி. என்றால் மேற்படிப்பு படிக்கிற சீனியர் டாக்டர். கொஞ்ச நேரம் கழித்து, "சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிடும் மேடம்."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. 2003-இல் நானும் இதையேதான் செய்தேன். என்னுடையது வலது கை, லேபர் வார்டு, தையல் ஊசி. அதே பாத்ரூம் குழாய், அதே ஸ்பிரிட். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்து, மறுநாள் யூனிட் சீஃப் வேறு எதற்கோ சத்தம் போட்டதில் பயந்து, நான்காவது நாள்தான் என் அறைத்தோழியிடம் சொன்னேன். அதற்குள் மருந்து தொடங்குவதற்கான 72 மணி நேரம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் மாதக்கணக்கில் நான் எப்படி இருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். வீட்டில் அம்மா சாப்பிட்ட தட்டைக்கூடத் தொடப் பயந்தேன், எச்.ஐ.வி. அப்படிப் பரவாது என்று பரீட்சையில் எழுதிப் பாஸ் செய்தவள் நான். கடைசியில் எல்லாச் சோதனையும் நெகட்டிவ். ஆனால் அந்த மாதங்களை யாரும் எனக்குத் திருப்பித் தரவில்லை. அதனால்தான் இந்த விஷயத்தை விடாமல் பேசிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் பயத்தின் அளவைச் சரியாகப் பார்ப்போம். எச்.ஐ.வி. இருக்கிறவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று வருகிற வாய்ப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் 3. குறைவுதான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி-யோ, தடுப்பூசி போடாதவருக்கு, நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து நூற்றுக்கு 6 முதல் 30 வரை போகும். எல்லோரும் முதலாவதை நினைத்து நடுங்குகிறார்கள், இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். இந்தப் பெண்ணுக்கே முதல் வருடத்தில் போட்ட ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியில் மூன்றாவது டோஸ் விட்டுப்போயிருந்தது. மூன்று டோஸும் போட்டு, ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். வார்டுக்குள் கால் வைப்பதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை இது. ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் வந்தால் குணப்படுத்த நல்ல மாத்திரைகள் இருக்கின்றன.

குத்திவிட்டதா? சோப்பும் ஓடுகிற தண்ணீரும் போதும். பிதுக்கக் கூடாது, விரலை வாயில் வைக்கக் கூடாது, ஸ்பிரிட், பிளீச்சிங் எதுவும் ஊற்றக் கூடாது, அவை புண்ணைத்தான் பெரிதாக்கும். அப்புறம், கையில் இருக்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டு டூட்டி டாக்டரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்தின் முதல் மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டால் மிக நல்லது, அதிகபட்சம் 72 மணி நேரம். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்தது, தினம் ஒரு வேளை, 28 நாள். யாருடைய ரத்தமோ அவரிடம் விவரம் சொல்லி, சம்மதம் வாங்கி அவருக்கும் பரிசோதனை செய்யலாம். அவருக்கு இல்லை என்று உறுதியானால் மாத்திரையை நிறுத்திவிடலாம். இந்தப் பெண் சொல்லாமல் இருந்ததில் இதுவும் போயிற்று. அந்த நோயாளி அடுத்த நாளே சொந்தக்காரர்களோடு கிளம்பிவிட்டார், யார் எங்கே என்று தேட வழியில்லை, அதனால் 28 நாளும் இவள் முழுங்க வேண்டியதாயிற்று.

எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் வந்தது. ஊழியருக்குப் பாதுகாப்புச் சாதனமும் பயிற்சியும் தருவது, தொற்று அபாயம் நேர்ந்தால் இந்தத் தடுப்பு மருந்தைத் தருவது, எல்லாமே மருத்துவ நிறுவனத்தின் கடமை என்று அதில் தெளிவாக இருக்கிறது. கேட்பது உரிமை தம்பி, சலுகை இல்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை 1986-இல் முதன்முதலில் கண்டுபிடித்ததே நம் சென்னையில், பயிற்சியில் இருந்த ஒரு பெண்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் ஆய்வு செய்த முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா, சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். அன்றைக்கு ஊசி குத்தியிருந்தால் கொடுப்பதற்கு ஒரு மாத்திரை கிடையாது. இன்றைக்கு இருக்கிறது. வாங்கிப் போடத்தான் வாய் திறக்க வேண்டும்.

வாய் ஏன் திறப்பதில்லை? பயம் பாதி, அசதி பாதி. அசதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். 1997-இல் ஆஸ்திரேலியாவில் செய்த ஓர் ஆய்வு உண்டு: தொடர்ந்து 24 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கவனம் எல்லாம் ரத்தத்தில் 0.10 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குத் தடுமாறுகிறது. நம் ஊரில் 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. ராயபுரம் பாலத்தில் நிறுத்தி ஊதச் சொல்லும் போலீஸ்காரர் அபராதம் போடுகிற நிலையைவிட மோசமான நிலையில் இருக்கிற பிள்ளையிடம்தான் நாம் ஊசியைக் கொடுத்து, உங்கள் அப்பாவின் நரம்பைத் தேடச் சொல்கிறோம். மேற்படிப்பு படித்துக்கொண்டே வார்டு பார்க்கிற உறைவிட மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று 1992-இலேயே ஒன்றிய சுகாதாரத் துறை எழுதி வைத்தது. 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு வாரம் 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. இடைப்பட்ட முப்பது வருடத்தில் எண் எந்தத் திசையில் போயிருக்கிறது பாருங்கள். 74-ஐயாவது யாராவது கடைப்பிடித்தால் நான் சந்தோஷப்படுவேன்.

"நாங்களும் இப்படித்தான் கஷ்டப்பட்டோம்" என்று சொல்கிற சீனியர்களிடம், அந்தக் கஷ்டத்தில் எத்தனை ஊசி குத்தை மறைத்தீர்கள் என்று கேட்க ஆசை. ஜூனியர் வந்து சொன்னால் முதல் வார்த்தை "எப்படிக் குத்திக்கிட்டே?" என்று வரக் கூடாது. "கழுவிட்டியா? வா, மாத்திரை போட்டுட்டு அப்புறம் பேசுவோம்" என்று வரட்டும்.

இந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்ததே, அந்த முதல் வருடத்திலேயே சேர்ந்தவள். அவள் அப்பாவுக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது, வலை இழுக்கும்போது வின்ச்சில் கயிற்றோடு போய்விட்டது. அதனால் அவளுக்குக் கை அறுவை சிகிச்சைதான் படிக்க வேண்டும். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் 1971-இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி தொடங்கிய கை அறுவை சிகிச்சைத் துறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். அதற்கு முதலில் எம்.எஸ். என்கிற அறுவை சிகிச்சை மேற்படிப்பு, எம்.எஸ்ஸுக்கு நீட் பி.ஜி. தேர்வு, அதற்கு மேல் இன்னொரு நுழைவுத் தேர்வு. டூட்டி முடிந்து வந்து இரண்டு மணி நேரம் கேள்வித்தாள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாளாம். "எனக்கு ஏதாவது வந்துட்டா சர்ஜரி பண்ண விடுவாங்களா மேடம்?" என்று அன்றைக்கு அவள் கேட்டதுதான் உண்மையான பயம் என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. கனவு பெரிதாக இருக்கிற பிள்ளைதான் அதிகம் மறைக்கிறது.

பத்து நாள் கழித்து அவள் அப்பா வந்தார். "டாக்டரம்மா, எம் பொண்ணு டெய்லி ஒரு மாத்திர போடுது. இன்னான்னு கேட்டா சத்து மாத்திரன்னுது. நெசமா?" நான் சொல்ல முடியாது, அவளிடமே கேளுங்கள் அண்ணே, அவள் சொல்வாள் என்றேன். அன்றைக்கு ராத்திரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அவர் இவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது: "எனக்கு ரெண்டு வெரல் போச்சு, ஏரியாவுக்கே தெரியும். இதுல ஒளிக்கிறதுக்கு இன்னா கீது?"

நோயாளியோடு வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரத்தம் எடுக்கும்போது உங்கள் ஆள் கையை உதறினால், அந்த ஊசி போய் இறங்குவது அந்தப் பிள்ளையின் கையில். முழங்கைக்குக் கீழே அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், "எவ்ளோ நேரம்மா?" என்று தலைக்கு மேலே நிற்காதீர்கள். வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் ஊசியைக் குப்பைக் கவரில் போடாதீர்கள். வியாசர்பாடியில் நீங்கள் போடுவது கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குப் போகிற வழியில் தூய்மைப் பணியாளர் யாரோ ஒருவர் கையில் குத்தும். அவர்களில் எத்தனை பேருக்கு இந்த 72 மணி நேரக் கணக்கை யாராவது சொல்லியிருப்பார்கள்? கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, ஆஸ்பத்திரிக்கு வரும்போது கொண்டுவந்து கேட்டுக் கொடுங்கள்.

அன்று ராத்திரி அவளை என் ஸ்கூட்டரில் உட்கார வைத்து ஓர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மருந்து இருந்தது, ஆனால் அலமாரி பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று தேடவே நாற்பது நிமிடம் ஆயிற்று. மாத்திரையை அவள் வாயில் போட்டபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. விட்டுப்போன தடுப்பூசிக்கும் அன்றைக்கே ஏற்பாடு செய்தோம். 28 நாளும் முடித்தாள், முதல் வாரம் மட்டும் குமட்டல். ஆறாவது வாரமும் மூன்றாவது மாதமும் நெகட்டிவ்.

இப்போது எந்த வார்டுக்குப் போஸ்டிங் மாறினாலும் முதல் நாளே அவள் இரண்டு விஷயம் கேட்டு வைத்துக்கொள்கிறாளாம்: ராத்திரியில் அந்த மருந்து எந்த அலமாரியில், சாவி யாரிடம். போன வாரம் புது பேட்ச் ஹவுஸ் சர்ஜன்கள் சேர்ந்தார்கள். கேஸ் ஷீட் எழுதச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் அவர்களை அந்த அலமாரி வரைக்கும் நடக்க வைத்துக் காட்டியிருக்கிறாள்.