வழிவழி வடு: ‘பரம்பரை மன அதிர்ச்சி’ என்னும் பிழைவழக்கு

முன்னோர் பட்ட பெருந்துன்பத்தின் எச்சம் அதனை நேரில் காணாத பேரப்பிள்ளைகளிடம் தங்கிவிடுவது பற்றியும், காடு, மலை, நீர்நிலை ஆகியவற்றோடு பழகி வாழ்வது அதனைத் தணிக்குமா என்பது பற்றியும் தமிழில் எழுதுவோர் ஒரே தொடரைத் திரும்பத் திரும்பக் கையாள்கின்றனர்: ‘பரம்பரை மன அதிர்ச்சியை இயற்கையில் நேரம் செலவிட்டுக் குணப்படுத்துதல்’. இத்தொடரில் ‘இயற்கை’ ஒன்றைத் தவிர வேறெந்தச் சொல்லும் தன் இடத்தில் இல்லை. அந்த ஒன்றும் முழுமையாகப் பொருந்துகிறதா என்பது ஐயமே.

‘மன அதிர்ச்சி’ என்று பெயர்க்கப்படும் ஆங்கில மூலச் சொல்லின் வரலாறு சுருக்கமானது. ‘ட்ராமா’ என்பது கிரேக்கத்தில் புண்ணைக் குறிக்கும். நெடுங்காலம் மருத்துவர்கள் அதனை உடற்புண்ணுக்கே வழங்கினர். 19ஆம் நூற்றாண்டில் தொடர்வண்டி விபத்துகளில் தப்பியவர்கள் வெளிக்காயம் ஏதுமின்றியே நலிந்துபோனபோது, முதுகுத்தண்டு குலுங்கியதே காரணம் என்று 1866இல் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன் விளக்கினார். 1889இல் நரம்பியல் மருத்துவர் ஹெர்மன் ஓப்பன்ஹைம் அச்சொல்லை நரம்பு நோய்க்கு ஏற்றினார். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு ஏடு, பெருந்துயருக்குப் பின் நீடிக்கும் உளநலிவைத் தனி நோயாக ஏற்றது. உடலிலிருந்து உள்ளத்துக்கு இடம்பெயர்ந்த பின்னும் சொல்லின் அடியில் கிடப்பது புண்தான்.

‘அதிர்ச்சி’ இந்த இடத்தில்தான் தடம் மாறுகிறது. அதிர் என்னும் வினையடிக்கு நடுங்குதல், குலுங்குதல், முழங்குதல் என்பன பொருள். அதிர்வு, அதிர்வெண், மின்னதிர்ச்சி ஆகிய அனைத்தும் அவ்வடியிலிருந்தே வந்தன. குருதியழுத்தம் சரிந்து உயிர் ஊசலாடும் நிலையையும் மருத்துவத் தமிழ் அதிர்ச்சி என்றே வழங்குகிறது. இவை எல்லாவற்றிலும் அதிர்ச்சி என்பது ஒரு கணத்தில் நிகழ்வது, நிகழ்ந்து ஓய்வது. எதிர்பாராத செய்தியைக் கேட்டு ‘அதிர்ச்சியாகிவிட்டது’ என்று சொல்பவர் மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போகிறார். நாம் பேசும் நிலையோ நிகழ்ச்சி முடிந்த பிறகு தொடங்குவது; ஆண்டுக்கணக்கில் உறக்கத்தைக் கெடுத்து, சிறு ஓசைக்கும் உடலைத் திடுக்கிடச் செய்து, அன்பு காட்டும் கையையும் ஐயுற வைப்பது. மேலை வழக்கில் அச்சொல் சில வேளை நிகழ்ச்சியையும், சில வேளை அதன் விளைவையும் சுட்டுவதால், நிகழ்ச்சியைக் குறிக்குமிடத்தில் அதிர்ச்சி என்று எழுதுவதை ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். விளைவைக் குறிக்குமிடத்திலும் அதையே எழுதுவதைப் பொறுக்க இயலாது.

‘பரம்பரை’ என்பதை அதனோடு சேர்த்தவுடன் பிழை முற்றிவிடுகிறது. அதிர்ச்சியை எவரேனும் மரபுரிமையாகப் பெற முடியுமா? 1966இல் மான்ட்ரியல் நகரின் உளமருத்துவர் விவியன் ராக்கோஃப், நாட்சிகளின் கொலைமுகாம்களிலிருந்து மீண்டவர்களின் பிள்ளைகளைப் பற்றி எழுதியபோது அவரை வியக்கவைத்தது இதுவே: முகாமைக் கண்ட பெற்றோர் வெளிப்பார்வைக்குச் சிதைந்தவர்களாகத் தெரியவில்லை, முகாமைக் காணாத பிள்ளைகளோ கடும் உளநோய்க் குறிகளோடு வந்தனர். அதிர்ந்தவர் ஒருவர், நலிந்தவர் இன்னொருவர். வட அமெரிக்கத் தொல்குடியினரான லகோட்டா மக்களின் இழப்புகளை ஆராய்ந்த மரியா யெல்லோ ஹார்ஸ் பிரேவ் ஹார்ட் இதனை வாழ்நாள் முழுவதிலும், தலைமுறைகளைக் கடந்தும் சேர்ந்துகொண்டே போகும் உளக்காயம் என்று வரையறுத்தார். புண் சேரும், அதிர்ச்சி சேராது.

பரம்பரை வடசொல் என்பதற்காக அதனை மறுக்கவில்லை. தமிழில் ஊறிவிட்ட சொற்களைப் பிறப்புச் சான்று கேட்டு விரட்டுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஆனால் நோயைப் பற்றிய பேச்சில் ‘பரம்பரை’ என்றவுடன் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது குருதியிலேயே எழுதப்பட்டுவிட்ட நோய், அதாவது மரபணுக் கோளாறு. இங்கே அந்தப் பொருள் மிகையானது. ஆய்வாளர் ரேச்சல் யெகுடாவின் குழுவினர் நாட்சிக் கொடுமையிலிருந்து மீண்டவர்களிடமும் அவர்களுடைய பிள்ளைகளிடமும் மன அழுத்தச் சுரப்புகளோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் மேலொட்டு மாற்றங்களை, அதாவது மரபணுவின் எழுத்தை மாற்றாமல் அதன் செயலை மட்டும் மாற்றக்கூடிய வேதிக் குறிகளை, கண்டதாக வெளியிட்டது உண்மையே. எனினும் ஆராயப்பட்டோர் சிலரே, அம்மாற்றம் கருவழியே வந்ததா வளர்ப்பில் நேர்ந்ததா என்பதை அவ்வாய்வு பிரித்துக் காட்டவும் இல்லை. 1944–45 குளிர்காலத்து நெதர்லாந்துப் பஞ்சத்தில் கருவில் இருந்தவர்கள் பிற்காலத்தில் நோய்ப்பட்டதையும் பலர் இதற்குச் சான்றாகக் காட்டுகின்றனர். அவர்களோ வயிற்றுக்குள் இருந்தே அப்பஞ்சத்தை நேரடியாகப் பட்டவர்கள். எஞ்சிய பெரும்பங்கு வீட்டில் நிகழ்வது: பேசக்கூடாத பெயர்கள், காரணம் சொல்லப்படாத அச்சங்கள், கண்ணுக்கெதிரே இருந்தும் கைக்கெட்டாத பெற்றோர், ‘யாரையும் நம்பாதே’ என்று மீண்டும் மீண்டும் ஓதப்படும் பாடம். வந்த வழி வளர்ப்பு என்றால் அது மாறக்கூடியது. பரம்பரை என்ற சொல் அந்த மாறக்கூடிய தன்மையை மறைத்து, விதியைப் போன்ற ஒன்றை வாசகர் தலைமேல் வைத்துவிடுகிறது. ‘தலைமுறைகளுக்கிடையே கடத்தப்பட்ட’ என்று எழுதுவோர் மரபணுவைத் தவிர்க்கின்றனர் என்றாலும், எல்லை தாண்டிய சரக்கைப் பற்றிப் படிப்பதுபோன்ற உணர்வையே தருகின்றனர். வழிவழி என்னும் எளிய இரட்டைச் சொல் இருக்க இவ்வளவு பாடு எதற்கு? அது குருதி வழியா, வளர்ப்பு வழியா என்று முன்கூட்டித் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒருவர் பின் ஒருவராக என்பதோடு நின்றுகொள்கிறது.

மூலச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் வைத்துக்கொள்ளலாமே என்பாரும் உளர். வைத்துக்கொள்வதில் கொள்கைத் தடை ஏதும் இல்லை. நடைமுறைத் தடை உண்டு. ‘ட்ராமா’ என்று எழுதினால் மேடையில் நடிக்கப்படும் நாடகம் என்றே பாதிப்பேர் படிப்பர். ‘சும்மா ட்ராமா போடாதே’ என்பது துன்பப்பட்டவரின் வாயை அடைக்கும் வசையாகவும் வழங்குவதால், இதைவிடப் பொருத்தமற்ற எழுத்தொற்றுமை அமைவது அரிது.

எனவே எஞ்சுவன காயம், புண், வடு. காயம் எளிது, ஆனால் நாட்பட்ட தன்மை அதில் இல்லை. மற்ற இரண்டையும் பிரித்தறிய நமக்குக் குறள் இருக்கிறது:

தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே
நாவினாற் சுட்ட வடு.

ஆறிப்போவதால் தீயினால் சுட்டது புண் என்றும், ஆறாது கிடப்பதால் நாவினால் சுட்டது வடு என்றும் கூறப்பட்டதாகப் பரிமேலழகர் உரைப்பார். தழும்பு என்றால் புண் ஆறியதன் அடையாளம் என்று நினைக்கும் இன்றைய வழக்குக்கு இது நேர்மாறானது. நாம் தேடும் பொருளுக்கோ மிக அணுக்கமானது. நேரில் பட்டவருக்கு உற்றது உளப்புண். அது ஆறாமல் அவரிடம் கிடந்து, பிள்ளைகளின் கையில் சேர்வது வடு. ஒரே சொல்லால் இரண்டையும் குறித்துவிட்டுப் பிறகு ‘முதன்மை’, ‘இரண்டாம் நிலை’ என்று அடைகள் ஒட்டவேண்டிய தேவை இதனால் ஒழிகிறது. மறுப்பு ஒன்றும் உண்டு. வடு என்பதற்குக் குற்றம், பழி என்னும் பொருள்களும் பழந்தமிழில் உண்டு. ‘பிறர்மேல் வடுக்காண வற்றாகும் கீழ்’ என்பதும் குறளே. துன்பப்பட்டவர்மேலேயே பழியை ஏற்றும் சொல்லாகிவிடாதா என்று கேட்பது முறையான கேள்வி. ஆயினும் இன்றைய பேச்சில் அப்பொருள் மங்கிவிட்டது. மனவடு என்பதைப் படித்து எவரும் மனக்குற்றம் என்று கொள்வதில்லை. இவ்வளவு இடரை ஏற்றுக்கொள்ளலாம்.

ஊரோ இனமோ சேர்ந்து சுமப்பதைக் ‘கூட்டு மன அதிர்ச்சி’ என்கின்றனர்; அதிலுள்ள ‘கூட்டு’ என்னும் அடையில் எனக்கு வழக்கு இல்லை. 1972இல் மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில் நிலக்கரிக் கழிவுநீர் அணை உடைந்து 125 பேர் மாண்டபின், அங்கு ஆய்ந்த சமூகவியலாளர் கை எரிக்சன், தனி மனிதர்கள் உற்ற காயமும் அவர்களைப் பிணைத்திருந்த உறவுகள் அறுந்ததால் நேர்ந்த காயமும் வேறு வேறு என்றார். கூட்டுக் குடும்பம் என்பதில் போலவே கூட்டு வடுவும் தனி வடுக்களின் கூட்டுத்தொகை அன்று.

இனி ‘குணப்படுத்துதல்’. நோயை அகற்றி முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவருவது அச்சொல்லின் பொருள். வடுவோடு பிறந்து வளர்ந்தவருக்கு, திரும்பிச் செல்ல முன்னிலை என்று ஒன்று இல்லை. ஆறு என்னும் வினை இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது: சூடு ஆறும், புண் ஆறும், சினம் ஆறும், மனம் ஆறும், அதன் பெயரான ஆறுதலை நாம் துக்கவீட்டிலும் சொல்கிறோம். ஆற்றுதல் என்றால் அகற்றுவதும் இல்லை, மறக்கடிப்பதும் இல்லை. கொதிப்பைத் தணித்துத் தாங்கத்தக்கதாக்குவது. ஆறாதது என்று குறள் சொன்ன வடுவை ஆற்றுவது முரணல்லவா என்றால், ஆம், முரண்தான். இத்துறையின் பாடும் அதுவே என்பதால் அம்முரணைச் சொல்லில் ஒளிக்க வேண்டியதில்லை.

‘இயற்கையில் நேரம் செலவிட்டு’ என்பது தமிழே அன்று. தமிழில் பொழுதைக் கழிப்போம், போக்குவோம்; காட்டில் இருப்போம், திரிவோம், தங்குவோம். இதன் உடன்பிறப்பு, காட்டில் அமைதியாக உலவுவதைக் குறிக்கும் ‘வனக்குளியல்’. 1982இல் ஜப்பானிய வனத்துறை ‘ஷின்ரின்-யோகு’ என்று பெயரிட்டபோது, வெயில் காய்வதற்கும் கடலில் நீராடுவதற்கும் அம்மொழியில் பொதுவாக நிற்கும் விகுதியைக் காட்டோடு சேர்த்தது. வெயிலில் ‘குளிக்காமல்’ காயும் நாம் காட்டில் மட்டும் ஏன் குளிக்க வேண்டும்? காட்டில் தோய்தல் என்றாலே போதும். ‘இயற்கைச் சிகிச்சை’ என்பதும் கூடாது. அது மண்பூச்சும் நீராவியும் உண்ணாநோன்பும் கொண்ட இயற்கை மருத்துவத்தோடு குழம்பும்.

சொல் கவர்ச்சியாக அமைந்துவிட்டால் கூற்றும் பெருத்துவிடுவது இன்னொரு கேடு. 1984இல் ஆய்வாளர் ரோஜர் உல்ரிக் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவைக்குப் பின் மரங்களை நோக்கிய சன்னலருகே கிடந்தோர், செங்கற்சுவரைப் பார்த்துக் கிடந்தோரைவிட விரைவில் வீடு திரும்பினர். வலுவான வலிமருந்தையும் குறைவாகவே பெற்றனர். 2019இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் விடைகளை ஆராய்ந்ததில், வாரத்தில் 120 நிமிடமாவது பசும்வெளியில் இருந்தவர்கள் தம் நலத்தை மேலாக மதிப்பிட்டனர். நலமுள்ளவர்களே வெளியே செல்கின்றனரா என்பதை அவ்வாய்வு முடிவுகட்டவில்லை. இரண்டுமே வழிவழி வடுவை அளந்தவை அல்ல. தணிந்த உடல், பேசமுடியாததைப் பேசத் தொடங்குவதற்கு இடம் கொடுக்கிறது என்ற அளவில் எழுதுவதே நேர்மை. காட்டில் ஒளிந்து உயிர்தப்பியவரின் குடும்பத்துக்குக் காடே அச்சத்தின் இடமாகவும் இருக்கலாம்.

லகோட்டா போன்ற தொல்குடியினரிடம் ‘இயற்கை’ என்னும் சொல்லும் போதாமல்போகிறது. அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டதே நிலம். அவர்கள் மீளச் செல்வது பொதுவான பசுமைக்கு அன்று, பெயருள்ள ஓர் ஆற்றுக்கும் மலைக்கும். தொல்காப்பியம் ‘முதல் எனப்படுவது நிலம் பொழுது இரண்டின் இயல்பு’ என்று வகுத்து, உள்ளத்து ஒழுக்கத்தை அவ்விரண்டின்மேல் நிறுத்தியது. நிலமும் பொழுதும் என்ற இணை கையில் இருக்க, ‘இயற்கையில் நேரம்’ என்று இரவல் வாங்குவது மொழிபெயர்ப்பாளரின் வறுமையே அன்றி மொழியின் வறுமை அன்று.

அகராதியின் முதற்பொருளை எடுத்து ஒட்டிவிட்டு நகரும் இப்பழக்கத்தின் விளைவைப் படுகாயப் பிரிவின் கதவிலும் காணலாம். எலும்பு முறிந்து குருதி வழிய வருவோரை ஏற்கும் இடத்துக்கு ‘அதிர்ச்சி மையம்’ என்று பெயர்ப்பலகை வைக்கின்றனர். அங்கே மூலச் சொல் தன் பழைய உடற்பொருளில் நிற்கிறது என்பதை ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை. அங்கு வேண்டியது படுகாயம்; நேரில் துன்பப்பட்டவருக்கு உளப்புண்; அவர் வழியினருக்கு வழிவழி வடு; ஊரும் இனமும் சேர்ந்து சுமப்பது கூட்டு வடு; அவற்றுக்குச் செய்வது ஆற்றுதல். ‘அதிர்ச்சி’, கெட்ட செய்தி கேட்ட கணத்துக்கும் மின்கம்பியைத் தொட்ட கைக்கும் உரியதாகவே இருக்கட்டும்.