ஹெல்மெட் சரி, வார் மாட்டியாச்சா?

"போட்டுக்கிட்டுத்தான் சார் போனாரு." மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டவரை அவசரப் பிரிவில் இறக்கியதும் வீட்டார் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான். அவர்கள் பொய் சொல்வதில்லை. கொஞ்ச நேரத்தில் ஹெல்மெட்டும் வந்து சேரும். யாராவது ரோட்டோரக் கால்வாயிலிருந்து எடுத்து வந்திருப்பார்கள். அதில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் தலையில் பலத்த அடி இருக்கும். தலை தரையில் மோதியபோது ஹெல்மெட் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் உதவி மருத்துவ அதிகாரியாக வேலை செய்கிறேன். இங்கே செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் மெதுவாக வரும் மோட்டார், சட்டென்று ஈப்போ - கோலகங்சார் சாலையில் ஏறி லாரிகளோடு லாரியாக ஓட வேண்டியிருக்கிறது. மலேசியாவில் 1973-லேயே ஹெல்மெட் கட்டாயமாகிவிட்டது. அப்படியிருந்தும் நம் நாட்டுச் சாலைகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் போனவர்கள்தான். ஹெல்மெட் அணிந்தால் உயிரிழக்கும் அபாயம் சுமார் 42 விழுக்காடும் தலைக்காயம் சுமார் 69 விழுக்காடும் குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லி வந்திருக்கிறது. தலையைவிட்டுக் கழன்று போன ஹெல்மெட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

விபத்தில் ஒரே ஓர் அடியோடு எதுவும் நிற்பதில்லை. கார் இடிக்கிறது, உடம்பு தூக்கி வீசப்படுகிறது, தரையில் விழுகிறது, உருள்கிறது. ஹெல்மெட்டின் வெளி ஓடு அடியைப் பரப்பிவிடும். உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரை நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். இரண்டும் தலையோடு இருந்தால்தானே? அவற்றைத் தலையோடு பிடித்து வைப்பது தாடைக்குக் கீழே போகும் அந்த வார் ஒன்றுதான்.

வார் மாட்டாமல் போகிறவர்களைப் பார்த்தாலே தெரியும். எனக்கு அதிகக் கவலை தருவது மாட்டியது போலத் தெரியும் ஹெல்மெட்டுகள்தான். சிலர் கிளிப்பை நிரந்தரமாகப் பூட்டிவிட்டு, வாரைத் தளர்த்தி, தொப்பி மாதிரி அப்படியே தலையில் கவிழ்த்துக்கொள்கிறார்கள். சுலபமாக உள்ளே போகிற ஹெல்மெட் அதே சுலபத்தில் வெளியே வந்துவிடும். கொண்டையும் மல்லிகைச் சரமுமாகக் கோவிலுக்குக் கிளம்பும் அக்காமார் ஹெல்மெட்டை உச்சியில் ஏற்றி வைப்பதால் வார் தாடைவரை எட்டுவதில்லை. பூவைக் கையோடு எடுத்துப்போய்க் கோவில் வாசலில் வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து. கிளிப் உடைந்து போய், வாரை முடிச்சுப் போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. பிள்ளைகளுக்கு அப்பாவின் ஹெல்மெட்டை மாட்டி முன்னால் உட்கார வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் என்னால் ஏற்க முடியாது. சின்னத் தலைக்குச் சின்ன ஹெல்மெட் வேண்டும்.

இன்னொன்று, தோட்டத்துக்கே உரியது. குலை வெட்டப் போகிறவர்கள் வேலைக்குப் போடும் பிளாஸ்டிக் தலைக்கவசத்தோடு அப்படியே மோட்டாரில் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அது மேலிருந்து விழும் மட்டைக்காகச் செய்தது. பக்கவாட்டில் வரும் அடியை அது தாங்காது. பலவற்றில் தாடை வாரே கிடையாது.

சரி, எப்படி மாட்டுவது? கிளிப் வகையென்றால் 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்ட பிறகு வாரை ஒருமுறை கீழே இழுத்துப் பாருங்கள். இரண்டு 'D' வடிவ வளையம் உள்ள வகையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வாரின் நுனியை இரண்டு வளையங்களுக்குள்ளும் விட்டு வெளியே எடுங்கள். பிறகு அதைத் திருப்பி, வெளி வளையத்துக்கு மேலாகக் கொண்டுவந்து, உள் வளையத்துக்குள் மட்டும் நுழைத்து இழுங்கள். இழுக்க இழுக்க இறுகும். திருப்பி நுழைக்காமல் விட்டால் பிடிக்கவே பிடிக்காது. மிச்சமுள்ள நுனியில் இருக்கும் பட்டன், காற்றில் அது அடிக்காமல் இருக்கத்தான். அதை மட்டும் போட்டுவிட்டுப் பூட்டிவிட்டதாக நினைக்காதீர்கள்.

வாருக்கும் தாடைக்கும் நடுவில் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் போகலாம். அப்புறம் தலையைக் குனிந்து, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் வாரை இறுக்குங்கள். இறுக்கியும் வந்தால் அந்த அளவு உங்களுக்குரியது அல்ல. வாங்கும்போது சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பலமாக ஒருமுறை அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே நன்றாகத் தெரிந்தாலும், மாற்றிவிடுங்கள். உள் நுரை நசுங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது.

ரோட்டில் யாராவது விழுந்து கிடப்பதைப் பார்த்தால் முதலில் 999-க்கு அழையுங்கள். அவர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த இழுப்பே கைகால்களைச் செயலிழக்க வைத்துவிடக்கூடும். தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை பேச்சுக் கொடுங்கள். கழன்று விழுந்த ஹெல்மெட் பக்கத்தில் கிடந்தால் அதையும் கூடவே அனுப்பிவையுங்கள். எங்கே நசுங்கியிருக்கிறது என்று பார்த்தால் அடி எந்தப் பக்கம் பட்டிருக்கும் என்பது எங்களுக்குப் பிடிபடும்.